லீவு எடுத்தும் தீராத அலுப்பு எதனால்?

கேள்வி: எனக்கு வயது 36. ஒரு நிறுவனத்தில் சிறு குழு ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். விரும்பிச் சேர்ந்த வேலைதான். இப்போது காலையில் லேப்டாப்பைத் திறக்கவே மனம் வரவில்லை. ஒரே மெயிலை மூன்று தடவை படித்தாலும் மண்டையில் ஏறுவதில்லை. கூட வேலை செய்பவர்கள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறேன். வேலை அப்படி ஒன்றும் கூடிவிடவில்லை. ஆனால் சில மாதங்களாக எல்லாச் சின்ன முடிவுக்கும் மேலிடத்தின் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கிறது. பத்து நாள் லீவு போட்டேன். திரும்பி வந்த மூன்றாம் நாளே பழைய நிலை. மற்றவர்கள் சமாளிக்கும்போது எனக்கு மட்டும் ஏன் இப்படி? எனக்கு மனஉறுதி போதவில்லையா?

பதில்: மனஉறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள். அதைச் சுமந்துகொண்டே இன்னும் கடுமையாக உழைக்கப் பார்ப்பவர்கள்தான் மேலும் மோசமாகிறார்கள்.

நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று விஷயங்கள் தெரிகின்றன. தீராத அலுப்பு, வேலை மீதும் உடன் இருப்பவர்கள் மீதும் வந்திருக்கும் வெறுப்பு, முன்பு சுலபமாகச் செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்ற எண்ணம். பர்ன்அவுட், அதாவது வேலையால் வரும் முழுச் சோர்வுக்கு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மூன்று அடையாளங்களும் இவைதான். சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் இது வருகிறது என்று 2019-இல் ஏற்கப்பட்ட அதன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு விளக்குகிறது. அந்தப் பதிப்பில் இது நோய் என்ற கணக்கில் வரவில்லை. வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்றே இருக்கிறது. ஆகவே காரணத்தைத் தேட வேண்டிய முதல் இடம் உங்கள் வேலை.

அதற்கு முன் ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைவு எல்லாமே இதே மாதிரி அசதியைத் தரும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இவை தெரிந்துவிடும். பலமாகக் குறட்டை விட்டு, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண்ணைச் சொக்குகிறது என்றால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் வேலை தலையில் போட்டுவிட்டு, மருந்தில் சரியாகக்கூடிய ஒன்றைக் கோட்டை விடக்கூடாது.

சரி, காரணங்களுக்கு வருவோம். வேலைச் சுமை என்று எல்லோரும் உடனே சொல்வார்கள். அது உண்மைதான். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து கணக்கிட்டன. ஆனால் சுமை மட்டும்தான் ஆளை முடக்குகிறது என்றால் உங்கள் கதைக்கு விளக்கமே இல்லை. உங்களுக்கு வேலை கூடவில்லை, அதிகாரம்தான் குறைந்திருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1979-இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களின் தகவல்களை வைத்து ஒன்றைக் காட்டினார்: வேலையின் நெருக்கடி அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் களைப்பும் மனச்சோர்வும் கூடுகின்றன. நெருக்கடி அதிகம், ஆனால் முடிவும் நம் கையில் என்றால் பலரால் தாங்க முடிகிறது. உங்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். குழு தாமதித்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். தாமதத்துக்குக் காரணமான ஒப்புதல் வேறொருவர் மேஜையில். பொறுப்பு இங்கே, அதிகாரம் அங்கே. காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இருந்தாலும் மனம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அலுப்பு எந்த நேரக் கணக்கிலும் வராது.

பர்ன்அவுட்டை அளக்கும் கேள்வித்தாளை உருவாக்கிய உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் என்ற உளவியலாளரோடு சேர்ந்து ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறார். சுமையும், வேலை மீது நமக்கு இருக்கும் அதிகாரமும் அவற்றில் இரண்டு. உழைப்புக்கு ஏற்ற பலன், சக ஊழியர்களின் ஆதரவு, நியாயம், நம் மனசாட்சிக்கு ஒத்த வேலையா என்பது மற்ற நான்கு. பலன் என்றால் சம்பளம் மட்டும் இல்லை. ராத்திரி உட்கார்ந்து முடித்த அறிக்கைக்கு மறுநாள் ஒரு வார்த்தை நன்றிகூட வராததும் இதில் சேரும். நியாயம் தவறுவதை நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். ஒருவர் செய்த வேலைக்கு இன்னொருவர் பெயர் வாங்கும் இடத்தில், எவ்வளவு பொறுமைசாலியும் கசந்துபோவார்.

லீவு ஏன் உதவவில்லை என்பதும் இப்போது புரியும். லீவில் உடம்பு ஓய்ந்தது. ஒப்புதல் முறை அப்படியே இருந்தது. ஓட்டையை அடைக்காமல் தொட்டியை நிரப்பியது போல ஆகிவிட்டது.

அடுத்த இரண்டு வாரத்துக்கு, எரிச்சல் வந்த ஒவ்வொரு தடவையும் அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். அப்புறம் அதை மட்டும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் பேசுங்கள். "எனக்கு அழுத்தமாக இருக்கிறது" என்றால் "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கள்" என்ற பதில்தான் வரும். "இந்த மூன்று வகை முடிவுகளை நானே எடுக்கிறேன், வாரக் கடைசியில் மொத்தமாக உங்களிடம் காட்டிவிடுகிறேன்; ஒரு மாதம் பார்ப்போமா?" என்று கேட்டால் அவர் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். தொடர்ந்து இல்லை என்றே வந்தால், வேறு பிரிவுக்கோ வேறு இடத்துக்கோ மாறுவதைப் பற்றி யோசிப்பதில் தோல்வி எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வேலை நினைப்பு அறுபடுவதும் முக்கியம். ஆபீஸ் மெசேஜ்களை இரவில் நிறுத்திவையுங்கள். போன் படுக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம். நடை, தூக்கம், நண்பர்களோடு பேச்சு எல்லாம் நல்லவையே. ஆனால் இவற்றை மட்டும் செய்துவிட்டு அலுவலகத்தில் எதையும் மாற்றாமல் விட்டால் பலன் நிற்காது.

கடைசியாக ஒன்று. வேலையிலிருந்து விலகி இருக்கும் நேரத்திலும், முன்பு பிடித்த எதுவுமே பிடிக்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே இருக்கிறதா? பசியும் தூக்கமும் கெட்டுவிட்டனவா? இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.