அமீபா விலங்கா? வாசகர் கேள்வி பதில்

கே: அமீபா, பாரமீசியம் எல்லாம் புரோட்டோசோவா, அதாவது ஒரு செல் விலங்குகள் என்றுதான் நான் படித்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகன், "அதெல்லாம் பழைய கதைம்மா" என்கிறான். யார் சொல்வது சரி? (மார்த்தாண்டம் வாசகி)

ப: மகன் சொல்வதுதான், அவனிடம் சொல்லிவிடாதீர்கள். நகர்கிறது, இரை தேடித் தின்கிறது, அப்படியானால் விலங்குதான் என்று 19-ஆம் நூற்றாண்டு ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே கட்சியில் சேர்த்துவிட்டார்கள். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் குட்டு உடைந்தது. அமீபாவுக்குப் பாரமீசியத்தைவிட நாமும் காளானும்தான் நெருக்கம்; பாரமீசியத்துக்கோ மலேரியாக் கிருமி பங்காளி முறை. பச்சையத்தை வைத்துக்கொண்டு வெயிலில் உணவு தயாரிக்கிற யூக்ளினா இருக்கிறதே, சாதுவாகக் குளத்தில் நீந்துமே, அதன் உறவுக்கூட்டத்தில்தான் காலா அசார் காய்ச்சலைத் தரும் லீஷ்மேனியாவும் வருகிறது (1903-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நோயாளிகளின் மண்ணீரலில் மருத்துவர் டோனவன் கண்டுபிடித்த அதே கிருமி). எனவே புரோட்டோசோவா என்பது இன்று ஒரு வசதிக்கான பெயர், அவ்வளவுதான்.

கே: ஒரே ஒரு செல்லுக்கு வாய், வயிறு எல்லாம் எங்கிருந்து வரும்? (காரைக்குடி வாசகர்)

ப: நம் உடம்பில் உள்ள ஒரு செல்லை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். நம் செல்லுக்கு ஒரு வேலை, மற்றதை மற்ற செல்கள் பார்த்துக்கொள்ளும். பாரமீசியத்துக்கு யாரும் இல்லை, எல்லாம் அதுவே செய்தாக வேண்டும். உடல் முழுக்க இருக்கும் குறுஇழைகளைத் துடுப்புபோல அடித்து நீந்துகிறது, ஒரு பக்கத்தில் உள்ள பள்ளம் வழியாகப் பாக்டீரியாக்களை உள்ளே தள்ளுகிறது, அவை உணவுக் குமிழ்களில் செரிக்கின்றன, மிச்சம் வெளியேறுவதற்கென்றே தனி இடம் உண்டு. குளத்துத் தண்ணீர் சதா உள்ளே கசிந்துகொண்டே இருக்கும், அதைச் சுருங்கும் நுண்குமிழ் வெளியே இறைக்காவிட்டால் செல் ஊதி வெடித்துவிடும். உட்கருகூட இரண்டு வகை: பெரியது அன்றாட நிர்வாகத்துக்கு, சிறியது அடுத்த தலைமுறைக்கு. அமீபாவுக்கு இந்த ஏற்பாடெல்லாம் பாதிகூடக் கிடையாது, வாய் என்று ஒரு இடமே இல்லை. போலிக்கால்களை நீட்டி எந்தப் பக்கத்திலும் இரையை வளைத்து விழுங்கும். அப்புறம் ஸ்டென்டர் என்று ஒன்று, எக்காள வடிவம், 2 மில்லிமீட்டர்வரை நீளும், வெறும் கண்ணுக்கே தெரியும்.

கே: மூளையைத் தின்னும் அமீபா தண்ணீரைக் குடித்தாலும் வருமா? (நாகர்கோவில் வாசகி)

ப: வராது. நெக்லேரியா என்ற அந்தக் கிருமி மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகும், வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. (பெயரில்தான் அமீபா, உறவு யூக்ளினா பக்கம்!) வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீரில் குதித்து முங்கிக் குளிப்பதைத் தவிருங்கள். சைனஸுக்காக மூக்கைக் கழுவுகிறவர்கள் குழாய்த் தண்ணீரை அப்படியே விடாமல், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரையே பயன்படுத்துங்கள்.