இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பா? ஆபீஸ் சிஸ்டங்கள் பற்றிய கேள்வி பதில்

ஆம்பூர், ஷூ கம்பெனி: சார், 25 சிஸ்டம் இருக்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் பாதுகாப்பு கூடுமா?

கூடாது சார். திறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்துச் சோதிக்கும், சிஸ்டம் திணறும். ஒன்று ஒதுக்கி வைத்த வைரஸைப் பார்த்து இன்னொன்று அலறும். நேரடிக் காவலுக்கு ஒன்று போதும். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே நல்ல காவல்தான்; வேறொன்றை நிறுவினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். காசு கொடுத்து வாங்குவதானால் வீட்டு லைசென்ஸ் 25 வாங்காதீர்கள். எல்லா சிஸ்டத்தையும் ஒரே திரையில் காட்டுகிற ஆபீஸ் பதிப்பை வாங்குங்கள். எந்த மேசையில் அப்டேட் நின்றுபோச்சு, எங்கே காவலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாவிட்டால் எதை வாங்கியும் வீண்.

பாதுகாப்பைக் கூட்ட ஒரே வேலைக்கு இரண்டு வேண்டாம், அடுக்கடுக்காக வையுங்கள். அடுக்கு என்றால் ஆளுக்கொரு வேலை. மெயிலில் ஒரு வடிகட்டி. ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித்தரும் சேவை) 9.9.9.9 என்று மாற்றினால், தெரிந்த மோசடித் தளங்கள் பல திறக்கவே திறக்காது. பிறகு அப்டேட், உரிமைக் கட்டுப்பாடு, கடைசியில் பேக்கப்.

ராணிப்பேட்டை சிப்காட்: பட்ஜெட் இல்லை. முதலில் எதைச் செய்வது?

காசு ஆகாததை. தினசரி வேலைக்கு எல்லாருக்கும் சாதாரண யூசர் கணக்கு கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். தெரியாமல் கிளிக் செய்தாலும் கேடு அந்தக் கணக்கைத் தாண்டிப் பரவுவது கடினம். அடுத்தது அப்டேட். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது; அந்த சிஸ்டங்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். கிராக் சாஃப்ட்வேர் (லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) இருந்தால் இன்றே நீக்குங்கள். நிறுவும்போதே அது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறதே, அதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்?

வேலூர், அக்கவுன்ட்ஸ்: ஸ்கேன் ஓடினால் டேலி மெதுவாகிறது. டி டிரைவ் முழுவதையும் ஸ்கேனிலிருந்து விலக்கலாமா?

வேண்டாம் மேடம். டேலி டேட்டா ஃபோல்டரை மட்டும் விலக்குங்கள். முழு ஸ்கேனைச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுங்கள்.

குடியாத்தம்: அண்ணா, பென்டிரைவில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாகிவிட்டது.

எதையும் திறக்காதீங்க தம்பி. ஷார்ட்கட்டைத் திறந்தால்தான் வைரஸ் ஓடும். ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைந்துதான் இருக்கும். முதலில் ஸ்கேன். பிறகு மறைந்த ஃபைல்களோடு சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி அமைத்து, வேண்டியதை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள்.

வாணியம்பாடி, தோல் ஏற்றுமதி: பேக்கப் ஹார்ட்டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே சொருகியிருக்கிறது. போதுமா?

போதாது. ரான்சம்வேர் வந்தால் சொருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றி எடுங்கள். முடிந்ததும் கழற்றி, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை நாலு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அப்படித்தான்: வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

தாக்குதல் நடந்துவிட்டால் நெட்வொர்க் கேபிளை உருவுங்கள், வைஃபையை அணையுங்கள். பதறி ஃபார்மேட் செய்தால் தடயம் போய்விடும். தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.