ஹேக்கர் எப்படி யோசிப்பார் என்று தெரிந்துகொண்டால் நம் பாதுகாப்புக்கு என்ன பயன்?

எதை முதலில் பூட்ட வேண்டும் என்பது தெரியவரும், அதுதான் பெரிய பயன். ஹேக்கர் முன்வாசலோடு மல்லுக்கட்ட மாட்டார். யாரும் கவனிக்காத வழியைத் தேடுவார். 2021-இல் அமெரிக்காவில் எரிபொருள் குழாய் நடத்தும் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் நுழைந்தவர்களுக்குக் கைகொடுத்தது, புழக்கத்தில் இல்லாத ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்தே நிறுவனத்தின் கணினி வலையமைப்புக்குள் நுழைய உதவும் இணைப்பு) கணக்கு. கடவுச்சொல் இருந்தால் போதும், கைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடையாது. எரிபொருள் குழாயையே சில நாட்கள் மூட வேண்டியதாயிற்று. கணினிகளை முடக்கிப் பணம் கேட்ட அவர்களுக்குச் சுமார் 44 லட்சம் டாலர் பணயத்தொகையும் போனது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் கணக்கை நீங்களே திருடப்போவதாக நினைத்து, 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்திப் பாருங்கள். மீட்புக் குறியீடு எங்கே போகிறது? எப்போதோ கைவிட்ட மின்னஞ்சலுக்கா, இப்போது உங்களிடம் இல்லாத எண்ணுக்கா? பெரும்பாலான கணக்குகளை மின்னஞ்சல் வழியாகவே மீட்க முடியும் என்பதால், அது கைமாறினால் மற்றவையும் வரிசையாகப் போய்விடும். அதற்குத் தனிக் கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கட்டாயம் வேண்டும். ஒரு தளத்தில் கசிந்த கடவுச்சொல்லை மற்ற தளங்களிலும் போட்டுப் பார்க்கத் தானியங்கி நிரல்களே இருக்கின்றன.

தொழில் நடத்துபவர்கள், வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை அன்றே முடக்கிவிடுங்கள். அப்புறம், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, உடனே பணம் அனுப்புங்கள்' என்று சப்ளையர் பெயரில் மின்னஞ்சல் வந்தால் அந்த அவசரத்தையே சந்தேகப்படுங்கள். யோசிக்க விடாமல் செய்வதுதான் மோசடிக்காரர்களின் உத்தி. அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.