விலைவாசியோடு சம்பளம் ஏற: ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: கிளிநொச்சியில் அரிசி ஆலை நடத்துகிறேன். 12 பேர் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். வருடாவருடம் சம்பள உயர்வில் இழுபறிதான். விலைவாசி ஏறினால் சம்பளமும் தானாக ஏறும்படி எழுதலாமா?

பதில்: எழுதலாம். விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண்தான் விலைச் சுட்டெண். செய்திகளில் அடிபடும் கொழும்புச் சுட்டெண்ணைப் பிடிக்காதீர்கள்; அது கொழும்பு நகர வீடுகளின் செலவு. எல்லா மாகாணங்களையும் சேர்த்த தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்தான் வன்னிக்குப் பொருந்தும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் ஒவ்வொரு மாதச் சுட்டெண்ணையும் அதற்கடுத்த மாதம் 21ஆம் திகதியளவில் வெளியிடும். ஆகவே தை மாதச் சுட்டெண்ணை வைத்துப் பங்குனிச் சம்பளத்தைக் கூட்டுங்கள். தையைத் தையோடுதான் ஒப்பிட வேண்டும். காலபோக அறுவடைக்குப் பின் அரிசி விலை இறங்குவது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கணக்குப் பிழைப்பது பெரும்பாலும் புள்ளியைச் சதவீதமாக எடுப்பதால். உதாரணத்துக்கு, சுட்டெண் 200இலிருந்து 210 ஆனால் உயர்வு 10 அல்ல, 5 சதவீதம். 40,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு 2,000.

இனி, பலர் கோட்டைவிடும் இடம். 2022 புரட்டாதியில் தேசியப் பணவீக்கம் 73.7 சதவீதம், உச்சவரம்பு இல்லாத ஒப்பந்தம் எந்த ஆலையையும் மூடவைத்திருக்கும். 2025 தொடக்கத்திலோ விலைகள் முந்தைய வருடத்தைவிடக் கீழே. உச்சவரம்போடு இந்த ஒரு வசனமும் இருந்தால் இரண்டையும் சமாளிக்கலாம்: “எந்தச் சுட்டெண் வரை உயர்வு கொடுக்கப்பட்டதோ அதுவே அடுத்த உயர்வைக் கணக்கிட அடிப்படை.” 210க்குக் கொடுத்தபின் சுட்டெண் 202க்கு இறங்கினால் சம்பளத்தைக் குறைக்காதீர்கள், அடிப்படையையும் இறக்காதீர்கள். 202ஐ அடிப்படையாக்கினால், திரும்ப 210க்கு வரும்போது ஒரே ஏற்றத்துக்கு இரண்டாம் தரம் காசு கொடுப்பீர்கள். 10 சதவீத உச்சவரம்பு வைத்தால், 200இலிருந்து 240க்குப் பாய்ந்தாலும் அடிப்படை 220இல் நிற்கும். மிச்சம் அடுத்த வருடம் தொழிலாளிக்குச் சேரும். அவர்கள் கையெழுத்து வைப்பதும் அதை நம்பித்தான்.

திணைக்களம் அடிப்படை ஆண்டை மாற்றினால் (இப்போது 2021=100) அவர்கள் தரும் இணைப்புக் காரணியால் (பழைய, புதிய சுட்டெண்களைப் பொருத்தும் எண்) பெருக்குவது என்றும் ஒரு வரி போடுங்கள்.

“படி” என்று தனியாகப் போட்டால் ஊழியர் சேமலாப நிதி கட்டத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாழ்க்கைச் செலவுப் படியும் அந்த நிதிக்குக் கணக்கிடும் சம்பளத்தில் அடங்கும். உங்கள் 12 சதவீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 சதவீதமும் சேர்ந்தால் 2,000 ரூபாய் உயர்வு உங்களுக்கு 2,300. அடிப்படைச் சம்பளம் மட்டும் தனியே, 2026 தையிலிருந்து நடைமுறையிலுள்ள 30,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது.