எடைமேடை இண்டிகேட்டரை மாற்ற வேண்டாம், வயரை மாற்றுங்கள்

கேள்வி: ஆலங்குளம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். எடைமேடை அறைக்கும் ஆபீசுக்கும் 80 மீட்டர். எடை காட்டும் இண்டிகேட்டரின் 9 பின் போர்ட்டிலிருந்து வயர் இழுத்து, யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகக் கம்ப்யூட்டரில் கொடுத்திருக்கிறோம். இண்டிகேட்டரில் எடை சரியாகத் தெரிகிறது. கம்ப்யூட்டரில் பாதி நேரம் கிறுக்கல் எழுத்துதான். ஹல்லர் மோட்டார் ஓடினால் அதுவும் நின்றுபோகிறது. பில் சாஃப்ட்வேர் போட்டுத் தந்தவர், "உள்ளே இருக்கிற சர்க்யூட் கார்டு போச்சு, புது இண்டிகேட்டர் போடுங்க" என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள் அண்ணாச்சி. முதலில் ஒரு லேப்டாப்பை எடைமேடை அறைக்கே கொண்டுபோய், அதே கன்வெர்ட்டரை 2 மீட்டர் கேபிளில் மாட்டிப் பாருங்கள். அங்கே எடை ஒழுங்காக வந்தால் கார்டில் ஒரு குறையும் இல்லை, வழியில்தான் குறை. இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் "கார்டு போச்சு" என்று சொல்பவருக்கு விற்பனைக் கமிஷன்தான் கணக்கு. இண்டிகேட்டரை மாற்றினால் மேடைக்கு மறுபடி அரசு எடையளவு முத்திரை வாங்க வேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் உங்களுக்கு.

அந்த 9 பின் போர்ட் ஆர்எஸ்-232 என்ற முறையில் எடையை அனுப்புகிறது. அது 15 மீட்டர் வரை போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பக்கத்து மில்லில் 50 மீட்டர் ஓடுதே" என்பீர்கள். ஓடும். இந்த முறையில் வரம்பு போடுவது தூரம் அல்ல, வயர் தேக்கும் மின்னேற்றம். மொத்தம் 2500 பிக்கோஃபாரட் வரை தாங்கும். சாதாரண ஷீல்டு வயர் மீட்டருக்கு 150 வரை தின்னும், கேட்-5 நெட்வொர்க் கேபிள் 50 அளவில்தான். அதனால் நல்ல கேட்-5 போட்டு, வேகத்தையும் நொடிக்கு 2400 பிட்டுக்கு இறக்கினால் 50 மீட்டர் தாண்டியும் ஓடலாம். ஆனால் ஹல்லர் ஓடும் இடத்தில் அதை நம்பாதீர்கள். 232-இல் சிக்னல் ஒரே வயரில் போகும், அதைக் கிரவுண்டோடு ஒப்பிட்டுத்தான் படிக்கும். மோட்டார் கிளப்பும் இரைச்சல் அதில் நேராக ஏறிவிடும்.

உங்களுக்கு வேண்டியது ஆர்எஸ்-485. இதில் ஒரே சிக்னல் ஏ, பி என்று இரண்டு வயரில் எதிரெதிராகப் போகும், இரண்டின் வித்தியாசத்தைத்தான் படிக்கும். அதனால் இரண்டிலும் ஒன்றாக ஏறும் இரைச்சல் பெரும்பாலும் கழிந்துவிடும். இண்டிகேட்டர் பக்கம் ஒரு 232–485 கன்வெர்ட்டர், ஆபீஸ் பக்கம் ஒரு யுஎஸ்பி–485. இடையே ஷீல்டு போட்ட முறுக்கு வயர். ஏ, பி இரண்டும் ஒரே முறுக்கு ஜோடியில் போக வேண்டும், கிரவுண்டுக்கு மூன்றாவது வயர். "இரண்டு வயர் போதும்" என்பார்கள், கேட்காதீர்கள். ஷீல்டை ஆபீஸ் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இண்டிகேட்டர் பக்கத்துக் கன்வெர்ட்டர் தனி அடாப்டரில் ஓடும், இரண்டு பக்க மின்சாரத்தையும் ஒட்டவிடாமல் பிரிக்கும் ஐசொலேஷன் உள்ளதாக இருக்கட்டும். போர்ட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும் மலிவுச் சரக்கை வாங்கினால் அரைகுறையாகத்தான் ஓடும். வயரை மோட்டார் கேபிள் போகும் பைப்பில் நுழைக்காதீர்கள், ஒரு அடியாவது தள்ளிப் போகட்டும். வேப்பமரத்தில் கட்டி மேலே இழுத்தால் ஐப்பசி இடிக்கு ஒரு கன்வெர்ட்டரைக் காவு கொடுக்க வேண்டியிருக்கும்.

எந்தப் பின் எது என்று ஒரு துண்டுச்சீட்டுகூட வைக்காமல் இண்டிகேட்டர் விற்கிறார்கள். மல்டிமீட்டரில் கறுப்பு முனையை கிரவுண்டான 5-ஆம் பின்னிலும் சிவப்பை 2-இலும், பிறகு 3-இலும் வையுங்கள். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டும் பின்தான் அனுப்பும் பின். எடை போய்க்கொண்டிருந்தால் முள் ஆடும், பரவாயில்லை. மற்றது பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கன்வெர்ட்டரையும் இப்படியே பாருங்கள். இரண்டிலும் ஒரே எண் பின்னில் மைனஸ் வந்தால் 2-ஐயும் 3-ஐயும் குறுக்காக மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஏ, பி எழுத்தை நம்ப முடியாது. தரநிலைப்படி ஏ மைனஸ், கடைச் சரக்கு பலவற்றில் ஏ பிளஸ். இத்தனை வருஷமாகியும் கம்பெனிக்காரர்கள் இதை ஒழுங்குபடுத்தவில்லை. எடை வரவில்லையென்றால் ஒரு முனையில் மட்டும் இரண்டையும் மாற்றிப் போடுங்கள், எதுவும் எரியாது. 485 வயரின் முனைகளில் போடச் சொல்லும் 120 ஓம் ரெசிஸ்டரை இந்த 80 மீட்டருக்கு, 9600 வேகத்துக்குப் போட வேண்டாம். சும்மா இருக்கும் நேரத்தில் அதுவே கிறுக்கலை வரவழைக்கலாம்.

வேகம், 7 பிட்டா 8 பிட்டா, பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) மூன்றும் இண்டிகேட்டரில் உள்ளபடியே கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும். யுஎஸ்பி கன்வெர்ட்டரை வேறு ஓட்டையில் மாற்றிச் செருகினால் கம்ப்யூட்டர் அதற்குத் தரும் காம் போர்ட் எண் மாறிவிடலாம், அந்த ஓட்டையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். கடைசியாக, போர்ட்டில் வருவதை அப்படியே திரையில் காட்டும் டெர்மினல் புரோகிராமைத் திறந்து வைத்து ஹல்லரைப் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். ஒரு வரிகூட உடையாமல் வந்தபிறகே பில் சாஃப்ட்வேரை இணையுங்கள்.