மருந்தாளரைக் கேளுங்கள்: புகையை விடப்போகிறவர்களுக்கு

கேள்வி: என் கணவர் கடற்றொழில் செய்கிறார். நாளுக்கு ஒரு பக்கெட் சிகரட். விடிய எழும்பியதும் முதல் வேலை அதுதான். பாமசியில் 2 மில்லிகிராம் நிக்கொட்டின் சூயிங்கம் வாங்கிக் கொடுத்தேன். தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, ஆசையும் அடங்கவில்லை என்று இரண்டாம் நாளே எறிந்துவிட்டார். இதில் உண்மையில் பலன் இருக்கிறதா?
- வாசகி, உப்புவெளி

பதில்: பலன் உண்டு. அவர் அதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றிருப்பார். நிக்கொட்டின் வாயின் உட்தோலால் உறிஞ்சப்பட வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் தொண்டை எரியும், விக்கல் வரும். வயிற்றுக்குப் போனதில் பெரும்பகுதியை ஈரல் உடைத்துவிடுவதால் ஆசையும் அடங்காது.

மெதுவாக மெல்லச் சொல்லுங்கள். மிளகு கடித்தது போலக் காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி சில தடவை மென்று, அடுத்த பக்கம் ஒதுக்க வேண்டும். ஒரு துண்டு இப்படி 30 நிமிடம் போகும். போடுவதற்கு 15 நிமிடம் முன்னும், வாயில் இருக்கும்போதும் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். தேசிக்காய் விட்ட பிளேன்ரீயும் கோப்பியும் சோடாவும் வாயில் புளிப்பை ஏற்றி உறிஞ்சலைக் கெடுத்துவிடும். பிளேன்ரீ குடித்த கையோடு கம் போட்டுவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள் அதிகம்.

அளவும் பிழை. எழும்பி 30 நிமிடத்துக்குள் முதல் சிகரட் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் வேண்டும். முதல் 6 கிழமை 1 முதல் 2 மணித்தியாலத்துக்கு ஒன்று, அடுத்த 3 கிழமை 2 முதல் 4 மணித்தியாலத்துக்கு ஒன்று, கடைசி 3 கிழமை 4 முதல் 8 மணித்தியாலத்துக்கு ஒன்று. நாளுக்கு 15ஐத் தாண்ட வேண்டாம். ஆசை முற்றிய பிறகு தேடாமல் நேரத்துக்குப் போடுவதே நல்லது. மிகக் கடினமான காலம் முதல் 2, 3 நாட்கள். அதற்குள் எறிந்துவிட்டதுதான் எனக்குக் கவலை.

தோலில் ஒட்டும் பட்டியும் உண்டு. 10 சிகரட்டுக்கு மேல் பிடிப்பவர் 21 மில்லிகிராமில் தொடங்கி 6 கிழமை, பிறகு 14இல் 2 கிழமை, 7இல் 2 கிழமை. பட்டியும் கம்மும் சேர்ந்தால் ஒன்றை மட்டும் பாவிப்பதைவிடப் பலன் கூட, ஆனால் சேர்க்கும்போது கம்மின் அளவை மருந்தாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மயிரில்லாத, உலர்ந்த தோலில் ஒட்டி, உள்ளங்கையால் 10 விநாடி அழுத்த வேண்டும். நாளுக்கு ஒரு புது இடம். வலை இழுத்து வியர்த்தால் கழன்று வரும் என்பதால் உங்கள் கணவருக்குக் கம்மையே முதலில் சொல்வேன். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவராயிருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், அதிலும் நிக்கொட்டின்தான் இருக்கிறது. கழற்றிய பட்டியிலும் மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. தொய்வுக்குக் கிளினிக்கில் தியோபிலின் மாத்திரை எடுக்கிறார். 10 நாளைக்கு முன் பீடியை அடியோடு விட்டார். இப்போது கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, சத்தி வருகிறது, நித்திரை இல்லை. பீடியை விட்டதால்தான் என்று திரும்பப் பிடிக்கப் பார்க்கிறார்.
- வாசகர், மூதூர்

பதில்: பீடி வேண்டவே வேண்டாம். கிளினிக் கொப்பியையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு இன்றே, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே, வைத்தியசாலைக்குப் போங்கள். தியோபிலின் உடலில் கூடிப்போனதற்கான அறிகுறிகள் இவை. மிஞ்சினால் வலிப்பும் வரும், இதயத் துடிப்பும் தாறுமாறாகும்.

புகையிலுள்ள தார் ஈரலில் ஒரு நொதியை முடுக்கி, இந்த மருந்தை வேகமாக உடைக்க வைக்கிறது. அப்பாவுக்குக் கொடுத்த அளவு பீடி பிடிக்கும் உடம்புக்குப் பொருந்திய அளவு. புகை நின்றதும் சில நாளில் அந்த வேகம் இறங்கிவிடும். அதே மாத்திரை இப்போது கூடுதல். வழக்கமாக முதல் கிழமையிலேயே கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைப்பார்கள். அதை வைத்தியரே செய்ய வேண்டும், நீங்களாக முறித்துக் கொடுக்காதீர்கள். காரணம் நிக்கொட்டின் அல்ல, புகை. ஆகவே கம் போட்டாலும் இந்தச் சிக்கல் வரும். மனநோய்க்கான குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்களும், இன்சுலின் போடுபவர்களும் புகையை நிறுத்தும் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கோப்பியும் அதே நொதியால்தான் உடைகிறது. அதையும் பாதியாக்குங்கள், நடுக்கமும் நித்திரையின்மையும் கொஞ்சம் குறையும்.

தியோபிலின் கொடுக்கும் ஒவ்வொரு மருந்தாளரும் 'புகைப்பீர்களா' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 20இலிருந்து 5க்குக் குறைத்துவிட்டேன். போதாதா?
- வாசகர், கிண்ணியா

பதில்: நல்ல தொடக்கம், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். குறைத்தவர்கள் ஒவ்வொன்றையும் ஆழமாக, கடைசி வரை இழுப்பார்கள். 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, நாளுக்கு ஒன்றே பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்குள்ள கூடுதல் இருதய ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது. மிச்சமுள்ள ஐந்தில் சாப்பாட்டுக்குப் பின் பிடிப்பதை முதலில் விட்டு, வாயைக் கொப்பளித்து 15 நிமிடம் கழித்து ஒரு கம் போடுங்கள். அடுத்த கிழமை இன்னொன்று. கடைசி ஒன்றுக்கு ஒரு திகதி குறித்து, அதை உங்கள் மருந்தாளரிடமும் சொல்லி வையுங்கள்.