310 வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என் பெயரை வெளியிட வேண்டாம். வயது 31. கோலாலம்பூரில், பங்சார் சவுத்தில், ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். மேனேஜர் பதவிக்கு இரண்டு முறை என் பெயர் மேலே போய்த் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நான் வேலை பழக்கிக் கொடுத்த பையன். எனக்குத் தலைமைத் தோரணை போதவில்லையாம். மதியச் சாப்பாட்டில் மற்றவர்கள் மாண்டரினில் பேசிக்கொள்வார்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. போன மாதம் தலைமையகத்திலிருந்து 'வுமன் ஆஃப் கலர்', அதாவது வெள்ளையரல்லாத பெண் ஊழியர்களின் பதவி உயர்வு பற்றி ஆன்லைனில் ஒரு கூட்டம் நடத்தினார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சொல்லில் நானும் அடக்கமா என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பையனுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம் என்று ஒரு தோழி சொல்கிறாள். நான் சம்பளம் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அது நாகரிகமும் இல்லை, ஒப்பந்தத்திலும் ரகசியம் என்று போட்டிருக்கிறது. நான் மாண்டரின் படிக்கட்டுமா? எம்பிஏ செய்யட்டுமா? அல்லது வேலையை விட்டுவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்புதான் காஜாங்குக்குப் போய் ஓர் அக்காவைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பழைய கம்பெனியில் என்னோடு வேலை செய்தவர். அந்த வீட்டிலிருந்து திரும்பியதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. வேறு ஒரு மாதத்தில் வந்திருந்தால் நான்கு வரி ஆறுதல் எழுதி அனுப்பியிருப்பேன்.

முதலில் நீ அழுத அந்தக் கூட்டம். அவர்கள் உனக்குக் காட்டிய கணக்கு எது என்று ஊகிக்க முடிகிறது. மெக்கின்சி நிறுவனமும் லீன் இன் அமைப்பும் வருடா வருடம் எடுப்பது. 2023 அறிக்கைப்படி, முதல் மேனேஜர் பதவிக்கு 100 ஆண்கள் ஏறினால் பெண்கள் 87 பேர் ஏறுகிறார்கள். வெள்ளையரல்லாத பெண்களை மட்டும் எடுத்தால் 73. கறுப்பினப் பெண்கள் 54. இதை அவர்கள் உடைந்த படி என்கிறார்கள். எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஏணியின் முதல் படியே உடைந்து கிடக்கிறது என்று அர்த்தம். இது அமெரிக்க, கனடா கம்பெனிகளின் கணக்கு. நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நீ நிற்பது அந்த முதல் படியில்தான்.

அந்தச் சொல்லில் நீ அடக்கமா இல்லையா என்று யோசித்து ஒரு ராத்திரியைக்கூட வீணாக்காதே. சொல்லைவிட அதன் பின்னால் இருக்கும் ஒரு வழக்கைத் தெரிந்துகொள். 1976-இல் அமெரிக்காவில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் மீது போட்ட வழக்கில் தீர்ப்பு வந்தது. கம்பெனியில் பெண்கள் இருந்தார்கள், அவர்கள் வெள்ளைக்காரிகள், அலுவலகத்தில். கறுப்பினத்தவரும் இருந்தார்கள், அவர்கள் ஆண்கள், தொழிற்சாலையில். அப்படியிருக்க இதில் எங்கே பாரபட்சம்? இனம், பால் இரண்டையும் சேர்த்து ஒரே வழக்காக ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் அந்தப் பெண்கள் விழுந்துவிட்டார்கள். கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியை 1989-இல் இதை எடுத்து எழுதிய பிறகுதான் அந்தச் சந்துக்கு 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்று ஒரு பெயர் கிடைத்தது. உன் மாடியில் மேனேஜர்களை எண்ணிப் பார். பெண்கள் இருப்பார்கள். இந்தியர்களும் இருப்பார்கள். தமிழ்ப் பெண் எத்தனை பேர்?

மாண்டரின் பிடித்தால் படி, நல்ல மொழி. ஆனால் மேனேஜராவதற்காகப் படிக்காதே. எம்பிஏவுக்கும் அதே பதில்தான். தலைமைத் தோரணை என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. இருபத்தொன்பது வருடம் அலுவலகத்தில் இருந்தேன். அந்தத் தோரணை எத்தனை கிலோ, எத்தனை அடி என்று யாரும் எனக்கு அளந்து காட்டியதில்லை.

சரி, என்னைக் கோபப்படுத்திய வரிக்கு வருகிறேன். 'நான் சம்பளம் பற்றி யாரிடமும் பேசியதில்லை, அது நாகரிகமும் இல்லை.'

யார் சொன்னது உனக்கு? உன் அம்மாவா, கம்பெனியா? அம்மா என்றால் அவருடைய அம்மாவைக் கேட்கச் சொல்.

நான் கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு ரப்பர்ப் பால் எடை போடும் கொட்டகைக்குப் போவேன். காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி தொங்க, பெண்கள் வரிசையில் நிற்பார்கள். தோட்டக் கணக்கரான கிராணி எடை போடுவார், பாலின் அடர்த்தியை அளக்கும் மெட்ரோலாக்கை அதில் விட்டுப் பார்ப்பார், எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே புத்தகத்தில் எழுதுவார். வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் அது கேட்கும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்து நிரைக்காரிக்கு இன்று எத்தனை கிலோ, தனக்கு எத்தனை கிலோ என்று லயத்துக்குத் திரும்பும்வரை சொல்லிக்கொண்டே வருவார். ஒரு நாள் எடை குறைந்ததாகத் தோன்றியபோது, "ஐயா, முன்னாடி போனவளுக்கும் எனக்கும் ஒரே மட்டம்தானே வாளி, எனக்கு மட்டும் எப்படி ரெண்டு கிலோ கொறையும்?" என்று கேட்டார். கிராணி முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எடை போட்டார். அம்மாவுக்குத் துணிச்சல் இருந்தது என்பது ஒரு பக்கம். அவருக்கு முன்னால் போனவளின் எண் தெரிந்திருந்தது. அந்த எண் இல்லாவிட்டால் எதை வைத்துக் கேட்டிருப்பார்?

தோட்டத்தில் நியாயம் இருந்தது என்று சொல்ல வரவில்லை. 1920-களின் கடைசியில் அரசாங்கம் நிர்ணயித்த சம்பளத்தில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அநியாயம்தான். ஆனால் அந்தப் பத்துக் காசு எல்லாருக்கும் தெரிந்த பத்துக் காசு.

ஆசிரியைகளை எடுத்துக்கொள். ரசம்மா பூபாலன், பதின்ம வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர், 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்தவர்களில் முன்னால் நின்றவர், அதன் முதல் தலைவி. ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே தகுதி, ஆனால் பெண் என்பதால் சம்பளம் குறைவு. அவர்கள் கூட்டம் போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள், விடாமல் அலைந்தார்கள். 1969-இல் அரசாங்க வேலையில் சம வேலைக்குச் சம சம்பளம் வந்தது. அந்தப் பெண்களின் வீரத்தை எல்லாரும் மேடையில் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். நான் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். அரசாங்கச் சம்பள அடுக்கு அச்சடித்த தாளில் இருந்தது. ஆணுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று ஒவ்வோர் ஆசிரியையும் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. உன்னிடம் அந்தத் தாள் இல்லை. அது இல்லாமல் இருப்பதைத்தான் நீ நாகரிகம் என்று எழுதியிருக்கிறாய்.

உன் கம்பெனியின் சொந்த ஊர் எப்படி என்றும் பார். அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் துறையில் மேற்பார்வைப் பதவியில் இல்லாத ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவதை முதலாளி தடுக்க முடியாது. அதே கம்பெனி, அதே வேலை, அங்கே இருப்பவளுக்குப் பேச உரிமை உண்டு, இங்கே இருக்கும் உனக்கு ரகசியக் காப்பு. லில்லி லெட்பெட்டர் என்ற பெண் அலபாமாவில் ஒரு டயர் தொழிற்சாலையில் 19 வருடம் மேற்பார்வையாளராக இருந்தார். தன்னோடு இருந்த ஆண்களுக்குத் தன்னைவிட அதிகம் என்பது யாரோ பெயர் போடாமல் எழுதிவைத்த ஒரு துண்டுத் தாளில்தான் அவருக்குத் தெரிந்தது. வழக்குப் போட்டார். சம்பளம் முடிவான 180 நாளுக்குள் புகார் கொடுக்கவில்லை என்று சொல்லி 2007-இல் உச்ச நீதிமன்றம் அவரைத் தோற்கடித்தது. தெரியாத ஒன்றைப் பற்றி 180 நாளுக்குள் எப்படிப் புகார் கொடுப்பது? 2009-இல் அவர் பெயரிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். நம் நாட்டிலும் 1.1.2023 முதல் வேலைச் சட்டத்தில் 69எஃப் என்றொரு பிரிவு வந்திருக்கிறது. பாரபட்சம் என்று தோன்றினால் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரிடம் முறையிடலாம். ஆனால் அங்கே போய் நீ எதை மேசையில் வைப்பாய்? ஒரு தோழி சொன்னாள் என்றா?

அந்தத் துண்டுத் தாளை எழுதியது யார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஏனென்றால் நான் எழுதாதவள்.

1994. நான் சம்பளப் பிரிவில் இருந்தேன். அந்தக் காலத்தில் சம்பளச் சீட்டு கார்பன் உள்ளே வைத்து ஒட்டிய உறையாக வரும். பிரிண்டர் ஊசி வெளியில் குத்த, எண் உள்ளே பதியும். மூன்று பக்க ஓரத்தையும் கிழித்தால்தான் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் முழுப் பட்டியலும் என் மேசைக்கு வரும். இழப்பீட்டுப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். 14 வருட அனுபவம், காப்புறுதி டிப்ளோமா. புதிதாக வந்த ஒருவருக்கு ஆறு மாதம் பக்கத்தில் உட்காரவைத்து வேலை சொல்லிக்கொடுத்தார். அதே டிப்ளோமாதான் அவருக்கும். அக்காவுக்கு 1,280 வெள்ளி. அவருக்கு 1,590.

தினமும் மதியம் நானும் அக்காவும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். நெத்திலிச் சம்பல் கொண்டுவந்து என் தட்டில் முதலில் வைப்பார். "கம்பெனி நம்மள நல்லாத்தான்மா வச்சிருக்கு" என்பார். நான் தலையாட்டுவேன். ரகசியக் காப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவள் நான், எண்ணைச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் "அக்கா, சம்பளத்தை ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்" என்று ஒரு வரி சொல்ல எந்தக் கடிதமும் தடையில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், பயம். சொல்லவில்லை. 2005-இல் 55 வயதில் அவர் ஓய்வு பெறும்வரை, பதினொரு வருடம், அந்தச் சம்பலைச் சாப்பிட்டேன்.

போன வாரம் காஜாங்கில் அந்த அக்காவிடம் சொன்னேன். அக்கா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த நாட்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். பின்பக்கம் பேனாவால் போட்டார். 310 வெள்ளி, 132 மாதம். 40,920. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இபிஎஃப் வேற இருக்கே" என்று சேமநிதிக்குக் கம்பெனி போடும் பங்கு 12 விழுக்காட்டையும் கணக்குப் போட்டார். 4,910 வெள்ளி 40 காசு. உயர்வு விழுக்காட்டில்தானே கொடுத்தார்கள், அதனால் வித்தியாசம் 310-இல் நின்றிருக்காது என்பதையும் அவரே சொன்னார். 5 விழுக்காடு என்றாலும் அவருக்கு 64 வெள்ளி, அந்த ஆளுக்கு 79.50. அடுத்த வருடமே இடைவெளி 325.50.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அன்னிக்கே சொல்லியிருந்தாலும் நான் போய்க் கேட்டிருப்பேனான்னு தெரியலம்மா. ஆனா கேக்கறதா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணியிருக்கணும்?" என்றார். பிறகு காப்பி கலக்க உள்ளே போய்விட்டார். அந்தத் தாளை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் ரகசியம் என்று இருந்தால் அலுவலக ஈமெயிலிலும் அலுவலக வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு வார்த்தை எழுதாதே, அதைப் பிடித்துக்கொண்டு உன்னை வெளியே அனுப்பிவிடக் கூடாது. மனிதவளப் பிரிவிடம் போ. யாருடைய சம்பளத்தையும் கேட்காதே. "என்னுடைய தரத்துக்கு அடுக்கின் கீழ் எல்லை எவ்வளவு, மேல் எல்லை எவ்வளவு, நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேள். வாயால் கேட்டுவிட்டு, அதையே எழுதியும் அனுப்பு. பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில், தேதியோடு எடுத்து வை. உன் வேலையில் முன்பு இருந்து வெளியே போனவர்களைத் தேடிப் பேசு. வேறு கம்பெனியில் இதே வேலைக்கு விண்ணப்பித்து, எவ்வளவு தருவார்கள் என்று பார், போக வேண்டிய அவசியம் இல்லை. அப்புறம் அந்தப் பையனுக்கு எத்தனை மாதம், என்னென்ன வேலை பழக்கினாய் என்பதை இன்றே உட்கார்ந்து எழுது. ஏழு வருடம் செய்ததை யாராவது கவனித்துக்கொண்டிருப்பார்கள் என்று இருந்துவிட்டாய். யாரும் கவனிக்கவில்லை தங்கச்சி. பால் கொட்டகையில்கூட வாளியைத் தராசில் நாம்தான் தூக்கி வைக்க வேண்டும்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தாய். எண் கையில் வராமல் எனக்கு அதற்குப் பதில் தெரியாது, உனக்கும் தெரியாது.

2017-இல் நான் வேலையை விட்டபோது என் அடிப்படைச் சம்பளம் 5,140 வெள்ளி. என் பிள்ளைகளுக்குக்கூட இதுவரை சொன்னதில்லை. உன்னுடையதை எனக்கு எழுது. வெளியிட மாட்டேன்.